ரெபேக்கா பூன் குடும்பம் போன வழி

திங்கள், மாக்ஸ்வில், வட கரோலினா

டேனியல் பூன் என்ற பெயர் அமெரிக்காவில் பள்ளிக்கூடம் போன எல்லாருக்கும் தெரியும். கென்டக்கிக்குப் பாதை வெட்டியவர், துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு தனியே காட்டில் திரிந்தவர் என்பார்கள். அந்தத் தனி ஆள் கதையில் எனக்கு மனம் ஒட்டவே இல்லை. அவருக்கு ரெபேக்கா என்று ஒரு மனைவி இருந்தார், பத்துப் பிள்ளைகள் பிறந்தார்கள். அண்ணன் தம்பிகள், மைத்துனர்கள், மருமகன்கள் என்று ஒரு பெரிய கூட்டமே அவரோடு ஊர் ஊராகக் கிளம்பிப் போனது. அந்தக் குடும்பம் போன வழியிலேயே காரில் போய்ப் பார்ப்பது என்று நானும் கணவரும் புறப்பட்டிருக்கிறோம். எங்களோடு தங்க வந்திருக்கும் அம்மாவும் கூட வருகிறார். அன்றன்று பார்த்ததை அன்றன்று இரவே எழுதிப் போடுகிறேன்.

ஜோப்பா கல்லறைத் தோட்டத்தில் ஆரம்பித்தோம். டேனியலின் அப்பா ஸ்குயர் பூனும் அம்மா சாராவும் அடக்கமாகியிருக்கும் இடம். ஸ்குயர் இங்கிலாந்தின் டெவன் பகுதியிலிருந்து பென்சில்வேனியாவுக்கு வந்த நெசவாளி. கொல்லுப்பட்டறையும் வைத்திருந்தார். குவேக்கர் என்ற கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்தவர். 11 பிள்ளைகளில் ஆறாவதாக 1734இல் டேனியல் பிறந்தார். மூத்த மகள் சபைக்கு வெளியே கல்யாணம் செய்துகொண்டபோது ஸ்குயர் சபையின் முன்னால் நின்று வருத்தம் தெரிவித்தார். சில வருடம் கழித்து மகன் இஸ்ரேலும் அதையே செய்தார். இந்த முறை ஸ்குயர் மகன் பக்கம் நின்றார், சபை அவரை விலக்கிவிட்டது. 1750இல் குடும்பம் பென்சில்வேனியாவை விட்டுக் கிளம்பி இந்த யாட்கின் ஆற்றுப் பக்கம் வந்தது. நல்ல நிலம் தேடி வந்தார்கள் என்பது உண்மை. அந்த மனக்கசப்பும் அவர்களைக் கிளப்பியிருக்கும் என்றே நான் நினைக்கிறேன்.

ரெபேக்கா பிரையன் குடும்பமும் இதே யாட்கின் பக்கம் குடியேறிய குடும்பம். 1756 ஆகஸ்ட் 14 அன்று கல்யாணம். மாப்பிள்ளைக்கு 21, பெண்ணுக்கு 17. ஸ்குயர் அப்போது ஊர் நீதிபதியாக இருந்ததால் அவரே கல்யாணத்தை நடத்தி வைத்தார். அதே வருடம் டேனியலின் அண்ணன் இஸ்ரேல் இறந்துபோக, அவருடைய இரண்டு மகன்களையும் இந்தப் புதுத் தம்பதி எடுத்து வளர்த்தது. பின்னாளில் ரெபேக்காவின் சகோதரர் ஒருவர் மனைவியை இழந்தபோது அவருடைய ஆறு பிள்ளைகளும் ரெபேக்காவிடம் வந்து சேர்ந்தார்கள்.

அம்மா கல்லறைகளைச் சுற்றி வந்துவிட்டு, "இவரு வேட்டைக்குப் போனா எத்தனை நாள்ல திரும்புவாரு?" என்று கேட்டார். இலையுதிர் காலத்தில் போனால் வசந்தத்தில் வருவது வழக்கம். மான்தோலும் பீவர் என்ற நீர்வாழ் விலங்கின் தோலும்தான் அந்த வீட்டுக்குக் காசு. 1769 மே மாதம் கென்டக்கிக்குப் போனவர் 1771இல்தான் வீடு திரும்பினார். போன இடத்தில் ஷானி என்ற பூர்வகுடி மக்கள் அவரைப் பிடித்து, சேர்த்த தோல்களையெல்லாம் எடுத்துக்கொண்டு, இது எங்கள் வேட்டை நிலம், இனி வராதே என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த இரண்டு வருடமும் மக்காச்சோளக் கொல்லை, மாடு, பன்றி, ஆளி நாரில் நூல் நூற்று லினன் நெய்வது, குழந்தைகள், எல்லாம் ரெபேக்கா கையில். துப்பாக்கியும் பிடிக்கத் தெரிந்தவர். அக்கம்பக்கத்தில் பிரசவம் பார்த்ததும் அவர்தான்.

செவ்வாய், எலிசபெத்டன், டென்னசி

காலையில் பூன் என்ற பெயருள்ள மலையூர் வழியாக வந்தோம். அங்கே காபி குடித்ததோடு சரி. இன்றைக்கு முக்கியமான இடம் வட்டாகா ஆற்றங்கரையில் உள்ள சைகமோர் ஷோல்ஸ்.

1775 மார்ச்சில் இந்த ஆற்றுத் திட்டில் ஆயிரத்துக்கும் அதிகமான செரோக்கி பூர்வகுடி மக்கள் கூடினார்கள். ரிச்சர்ட் ஹென்டர்சன் என்ற வட கரோலினா நீதிபதி டிரான்சில்வேனியா கம்பெனி என்று ஒன்றை ஆரம்பித்து, கென்டக்கியின் பெரும்பகுதியைச் செரோக்கிகளிடமிருந்து வாங்க வந்திருந்தார். சுமார் 2 கோடி ஏக்கருக்கு அவர் கொடுத்தது 10,000 பவுண்டு மதிப்புள்ள சரக்கு. மூத்த தலைவர்கள் சம்மதித்தார்கள். டிராகிங் கனூ என்ற இளைய தலைவர் எதிர்த்துப் பேசிவிட்டு எழுந்து போனார். வாங்கியவர்களுக்கு அந்த நிலத்தில் நிம்மதி இருக்காது என்றும் எச்சரித்தார்.

அப்பலாச்சியன் மலைக்கு மேற்கே குடியேறக் கூடாது என்று பிரிட்டிஷ் அரசரே 1763இல் ஆணை போட்டிருந்தார். அந்தக் காடுகளில் வேட்டையாடி வந்த ஷானி மக்களை இந்த வியாபாரத்தில் யாரும் கேட்கவே இல்லை. பிறகு வர்ஜீனியாவும் வட கரோலினாவும் இந்த விற்பனை செல்லாது என்று அறிவித்தன. டேனியல் பூன் குடும்பம் எந்த நிலத்தை நம்பிப் போனதோ அதன் பட்டா முதல் நாளிலேயே ஆட்டம் கண்டிருந்தது. இனி வரப்போகும் சாவுகளையும் வழக்குகளையும் எழுதும்போது நான் இந்த ஆற்றங்கரையை மறக்க விரும்பவில்லை.

புதன், கம்பர்லாந்து கணவாய்

வர்ஜீனியாவின் தென்மேற்கு முனையில் லீ கவுன்டி வழியாக வந்தோம். இருபுறமும் நீளமான மலைச்சுவர், நடுவில் பசும்புல் பள்ளத்தாக்கு. வாலன்ஸ் கிரீக் இந்தப் பக்கத்தில்தான் ஓடுகிறது. இங்கே நடந்ததை அம்மாவிடம் காரிலேயே சொன்னேன்.

1773 செப்டம்பரில், அதாவது அந்த நில விற்பனைக்கு முன்பே, டேனியல் யாட்கினில் இருந்த பண்ணையை விற்றுவிட்டு மனைவி மக்களோடு கென்டக்கிக்குக் கிளம்பினார். இன்னும் சில குடும்பங்களும் சேர, சுமார் 50 பேர். வழியில் மாவும் மற்ற சாமான்களும் வாங்கிவர மூத்த மகன் ஜேம்ஸை அனுப்பினார்கள். அவனுக்கு 16 வயது. திரும்பும்போது ஹென்றி ரசல் என்ற பையனும் வேறு சிலரும் கூட வந்தார்கள். இருட்டிவிட்டதால் அக்டோபர் 9 இரவு ஓடைக்கரையில் தங்கினார்கள். அப்பா அம்மா இருந்த முகாம் மூன்று மைல் தூரத்தில்தான் இருந்தது, அவர்களுக்கு அது தெரியவில்லை. விடியற்காலையில் டெலவேர், ஷானி, செரோக்கி வீரர்கள் அடங்கிய ஒரு கூட்டம் தாக்கியது. ஜேம்ஸும் ஹென்றியும் உடனே சாகவில்லை, சித்திரவதைப்பட்டுச் செத்தார்கள். தாக்க வந்தவர்களில் ஒருவனை ஜேம்ஸுக்குத் தெரியும். பிக் ஜிம் என்ற ஷானி, பூன் வீட்டுக்கு வந்து போனவன். இதையெல்லாம் ஒளிந்திருந்து பார்த்துப் பிழைத்து வந்து சொன்னது ரசல் குடும்பத்தில் அடிமையாக இருந்த ஆடம் என்பவர்.

செய்தி வந்ததும் ரெபேக்கா தன் மூட்டையிலிருந்து லினன் விரிப்புகளை எடுத்து, பிள்ளைகளைச் சுற்றிப் புதைக்கக் கொடுத்தனுப்பினார். ஆளி விதைத்து, அறுத்து, ஊறவைத்து, நூற்று, நெய்து எடுக்கும் துணி அது. புது வீட்டுக்கென்று கட்டி எடுத்து வந்ததாக இருக்கும். அம்மா இதைக் கேட்டபிறகு வெகுநேரம் பேசவில்லை.

கூட்டம் திரும்பிப் போக முடிவெடுத்தது. பூன் குடும்பத்துக்குத் திரும்பிப் போக வீடு கிடையாது, விற்றாகிவிட்டது. கிளிஞ்ச் ஆற்றுப் பக்கம் தெரிந்தவர் ஒருவரின் மரக்கட்டை வீட்டில் குளிர்காலத்தைக் கழித்தார்கள். டேனியல் அடுத்த வசந்தத்தில் தனியே வந்து மகன் குழியைப் பார்த்துவிட்டுப் போனார்.

கணவாய்க்கு வந்து சேர்ந்தபோது மதியம். முன்பு நெடுஞ்சாலை கணவாய் மேலேயே போய்க்கொண்டிருந்தது. 1996இல் மலைக்கு அடியில் சுரங்கப்பாதை திறந்து, மேலே இருந்த தார்ச்சாலையைப் பெயர்த்தெடுத்து, பழைய வண்டித்தடம் இருந்த மாதிரியே மண்பாதையாக்கி மரம் நட்டிருக்கிறார்கள். இதை எவ்வளவு பாராட்டினாலும் தகும். அந்தப் பாதையில் நடந்தோம். ஏற்றம் அப்படியொன்றும் கடினமில்லை, அம்மாவே ஏறிவிட்டார். பைசன் என்ற காட்டெருமைகளும் பிறகு பூர்வகுடி மக்களும் போட்ட தடம் இது. பூன் சுமார் 30 கோடாலிக்காரர்களோடு 1775 மார்ச்சில் அந்தத் தடத்தைச் செப்பனிட்டு, சில இடங்களில் புதிதாக வெட்டி, கென்டக்கி ஆறு வரை கொண்டுபோனார். அப்போதுதான் கல்யாணமான மகள் சுசானாவும் அந்தக் கூட்டத்தில் போனாள். 1810க்குள் இரண்டு மூன்று லட்சம் பேர் இந்தக் கணவாய் வழியாக மேற்கே போயிருப்பார்கள் என்று கணக்கிடுகிறார்கள்.

பினகிள் முகட்டிலிருந்து மூன்று மாநிலங்களும் தெரிகின்றன. மாலையில் கார்கள் அதிகம், கொஞ்சம் சீக்கிரமே போய்விடுங்கள்.

வியாழன், பூன்ஸ்பரோ, கென்டக்கி

இங்கே இப்போது நிற்கும் கோட்டை 1970களில் கட்டிய மாதிரிக் கோட்டை. பழைய கோட்டை இருந்தது கீழே ஆற்றங்கரையில், அங்கே ஒரு நினைவுக்கல் இருக்கிறது. இரண்டையும் பாருங்கள், ஆனால் ஆற்றங்கரையில் அதிக நேரம் இருங்கள். மேலே சோப்பு காய்ச்சுவதும் நூல் நூற்பதும் செய்து காட்டுகிறார்கள். அம்மா நூற்பவரின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு எழவே மனமில்லாமல் இருந்தார். பாஷை தெரியாவிட்டாலும் இருவரும் கையாலேயே பேசிக்கொண்டார்கள்.

1775 செப்டம்பரில் டேனியல் குடும்பத்தை இங்கே அழைத்து வந்தார். மறு வருடம் ஜூலை 14, ஞாயிற்றுக்கிழமை. 13 வயது மகள் ஜெமைமாவும் பக்கத்துக் குடும்பமான காலவேயின் இரண்டு பெண்களும் மரப்படகில் ஆற்றில் போனார்கள். படகு எதிர்க்கரை ஓரமாகப் போனபோது ஷானி, செரோக்கி வீரர்கள் சிலர் தண்ணீரில் இறங்கிப் படகைப் பிடித்துக்கொண்டார்கள். பெண்களைக் காட்டு வழியாக வடக்கே நடத்திக்கொண்டு போனார்கள். பெண்கள் போகிற வழியில் கிளைகளை ஒடித்தார்கள், துணியைக் கிழித்துப் போட்டார்கள், மண்ணில் குதிகாலை அழுத்தி வைத்தார்கள். மூன்றாம் நாள் காலை டேனியலும் மற்றவர்களும் போய்ச் சேர்ந்து மூவரையும் மீட்டார்கள். இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் தடம் பார்த்துப்போன அப்பாவின் திறமையைத்தான் புகழ்கிறார்கள். அந்தத் தடத்தை விட்டுப்போன பெண்களின் தைரியத்தை நான் முதலில் சொல்லுவேன்.

1778 பிப்ரவரியில் உப்பு காய்ச்சப் போன இடத்தில் டேனியலை ஷானிகள் பிடித்தார்கள். அவர்களுடைய தலைவர் பிளாக்ஃபிஷ் அவரைத் தத்து மகனாக ஏற்றுக்கொண்டார். மாதக்கணக்கில் தகவல் இல்லை. கணவர் செத்துவிட்டார் என்றே ரெபேக்கா நம்பினார். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு, வந்த அதே கணவாய் வழியாக வட கரோலினாவில் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டார். இங்கேயே ஒரு காலவேயைக் கல்யாணம் செய்திருந்த ஜெமைமா மட்டும் கோட்டையில் இருந்தாள். ஜூன் மாதம் தப்பித்து, 160 மைல் காட்டைச் சில நாளில் கடந்து டேனியல் வந்தபோது, வீட்டில் மனைவி இல்லை. மகள்தான் வரவேற்றாள்.

செப்டம்பரில் பிளாக்ஃபிஷ் படையோடு வந்து கோட்டையை முற்றுகையிட்டார். ஆற்றங்கரையிலிருந்து சுரங்கம் தோண்டினார்கள். மழை பெய்து அது இடிந்துவிழ, முற்றுகை கலைந்தது. அப்போது ஒரு குண்டு ஜெமைமாவின் முதுகுப் பக்கம் பட்டு, வேகம் குறைந்திருந்ததால் துணியோடு வெளியே வந்துவிட்டது என்று சொல்கிறார்கள். எல்லாம் முடிந்தபிறகு டேனியல்மீது துரோகக் குற்றச்சாட்டு. எதிரியோடு கூடிப்போனார் என்று இராணுவ விசாரணை நடத்தினார்கள். விடுதலை செய்து மேஜர் பதவியும் கொடுத்தார்கள். அவர் மனைவியைத் தேடி வட கரோலினாவுக்குப் போய்விட்டார். 1779இல்தான் ரெபேக்காவை அழைத்துக்கொண்டு திரும்பினார். அவரைச் சம்மதிக்க வைக்க எவ்வளவு பேச வேண்டியிருந்ததோ!

வெள்ளி, புளூ லிக்ஸ், மேஸ்வில்

லிக்கிங் ஆற்றின் கரையில் உப்பு ஊற்றுகள் உள்ள இடம். காட்டெருமைகள் உப்பு நக்க வந்து வந்து தேய்ந்த அகலமான தடம் ஒன்று உண்டு. 1782 ஆகஸ்ட் 19 காலை சுமார் 180 கென்டக்கிக்காரர்கள் இங்கே வந்தார்கள். எதிரில் குன்று. எதிரிகள், அதாவது பிரிட்டிஷாரும் அவர்களோடு சேர்ந்த பூர்வகுடி வீரர்களும், ஒளிந்திருக்கிறார்கள், பின்னால் வருகிற படைக்காகக் காத்திருப்போம் என்றார் டேனியல். கோழை என்று பேர் வாங்கப் பயந்தவர்கள் ஆற்றில் குதிரையை இறக்கினார்கள், மற்றவர்களும் பின்னால் போனார்கள். கால் மணி நேரத்தில் 70 பேருக்கு மேல் செத்தார்கள். இரண்டாவது மகன் இஸ்ரேல், 23 வயது, அப்பாவின் கண்ணெதிரே விழுந்தான். குதிரையைக் கொடுத்து நீ போ என்று அப்பா சொல்ல, உங்களை விட்டுப் போகமாட்டேன் என்று நின்றவன். அமெரிக்க விடுதலைப் போரில் யார்க்டவுனில் பிரிட்டிஷ் படை சரணடைந்து பத்து மாதம் ஆகியிருந்தது அப்போது.

அம்மா கேட்ட கேள்வி: "ரெண்டு புள்ளைய குடுத்தும் அந்த மண்ணு அவங்களுக்குக் கெடச்சுதா?"

கிடைக்கவில்லை. மேஸ்வில்லுக்கு அப்போது லைம்ஸ்டோன் என்று பெயர். ஒஹையோ ஆற்றுத் துறை. அங்கே குடும்பம் சத்திரமும் கடையும் நடத்தியது. அடுக்களை ரெபேக்கா பொறுப்பு. அந்த வருடங்களில் வரிப் பட்டியலில் பூன் பெயரில் ஏழு அடிமைகள் இருக்கிறார்கள். இந்தக் குடும்பத்தின் உழைப்பைப் பேசும்போது அந்த ஏழு பேரின் உழைப்பையும் சேர்த்துத்தான் பேசவேண்டும், அவர்கள் சம்பளமோ நிலமோ பெறவில்லை.

டேனியல் நில அளவையும் செய்தார். கென்டக்கியில் ஒரே நிலத்துக்கு மூன்று நான்கு பேர் உரிமை கொண்டாடினார்கள். மரத்தையும் ஓடையையும் எல்லையாக எழுதிய பத்திரங்கள், பதிவு செய்யாமல் விட்ட பத்திரங்கள், பிறருக்குக் கொடுத்த வாக்கு என்று ஒவ்வொன்றும் வழக்கானது. வாங்கியவருக்கு நட்டம் வந்தபோது தன் நிலத்தை விற்றுக் கொடுத்தார். 1798இல் ஒரு கவுன்டிக்கு அவர் பெயரை வைத்தார்கள். அதே வருடம் கோர்ட்டுக்கு வராததற்காக அவர்மீது வாரண்டும் போட்டார்கள்.

சனி, பிராங்ஃபர்ட்

ஆற்றுக்கு மேலே குன்றில் இருக்கும் கல்லறைத் தோட்டத்தில் டேனியல், ரெபேக்கா நினைவுத்தூண். ஒரு பக்கச் சிற்பத்தில் ரெபேக்கா பால் கறக்கிறார். அதைத்தான் முதலில் தேடிப் பார்த்தேன். காட்சி அழகான இடம், அரை மணி நேரம் போதும். இந்தத் தூணுக்குக் கீழே இருப்பது யார் என்ற சண்டையை நாளைக்கு எழுதுகிறேன். இண்டியானா, இல்லினாய் கடந்து நாள் முழுக்கக் கார்ப் பயணம்.

ஞாயிறு, டிஃபையன்ஸ், மிசௌரி

1799இல் கென்டக்கியில் ஒன்றும் மிஞ்சாமல் குடும்பம் மிசௌரிக்கு வந்தது. அப்போது இது ஸ்பெயின் நாட்டு நிலம். டேனியலுக்கு 64 வயது, ரெபேக்காவுக்கு 60. மகள்கள் சுசானாவும் ஜெமைமாவும் குடும்பத்தோடு வந்தார்கள். கடைசி மகன் நாதனுக்கு 18, அப்போதுதான் ஆலிவ் என்ற 16 வயதுப் பெண்ணைக் கட்டியிருந்தான். ஸ்பெயின்காரர்கள் டேனியலுக்கு 850 ஏக்கர் கொடுத்து, ஊர் வழக்குகளைத் தீர்க்கும் பொறுப்பும் கொடுத்தார்கள். 1803இல் இந்த நிலப்பரப்பு அமெரிக்காவின் கைக்கு வந்ததும் அந்தப் பட்டாவும் செல்லாமல் போனது. 1814இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் திருப்பிக் கொடுத்ததை விற்றுக் கென்டக்கிக் கடன்களை அடைத்தார்.

நாதனின் வீடு இன்னும் நிற்கிறது. சுண்ணாம்புக் கல்லில் கட்டிய நான்கு நிலை வீடு. சுவர்களின் கனத்தைச் சன்னலில் பார்த்தாலே தெரியும். வழிகாட்டியோடுதான் உள்ளே போகமுடியும். டேனியல் தன் சவப்பெட்டியை முன்கூட்டியே செய்து வைத்திருந்ததைச் சொன்னார்கள். 1820 செப்டம்பர் 26 அன்று இந்த வீட்டில்தான் இறந்தார்.

ரெபேக்கா அதற்கு ஏழு வருடம் முன்பே போய்விட்டார். 1813 மார்ச்சில் மேப்பிள் சர்க்கரை காய்ச்சும் சமயம், ஜெமைமாவின் வீட்டில், 74 வயதில். கடைசி வரை அடுப்படி வேலை. மார்த்தாஸ்வில் அருகே ஒரு மேட்டில் பிரையன் குடும்பப் பண்ணைக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது, அங்கே அடக்கம். டேனியலையும் பக்கத்திலேயே வைத்தார்கள். 1845இல் கென்டக்கிக்காரர்கள் வந்து இருவரையும் தோண்டி எடுத்து பிராங்ஃபர்டுக்குக் கொண்டுபோனார்கள். தப்பான குழியைத் தோண்டினார்கள், டேனியல் இங்கேயேதான் இருக்கிறார் என்று மிசௌரிக்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். இரண்டு ஊர்களும் டேனியலுக்காக மட்டும்தான் வாதாடுகின்றன. ரெபேக்கா எங்கே இருக்கிறார் என்பதும் அதே அளவு முக்கியமான கேள்வி என்று எனக்குப் படுகிறது.

ரெபேக்கா தன் கையால் எழுதியது எதுவும் இல்லை. ஜேம்ஸுக்கு அனுப்பிய விரிப்பு, பிள்ளைகளோடு ஊர் திரும்பியது போன்ற வீட்டுச் செய்திகள் பெரும்பாலும் பிள்ளைகளும் மருமக்களும் சொல்லித்தான் நமக்குக் கிடைத்தன. 1851இல் லைமன் டிரேப்பர் என்ற வரலாற்றுச் சேகரிப்பாளர் வயதான நாதனையும் ஆலிவையும் நாட்கணக்கில் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொண்டார். அந்தப் பேச்சு நடந்தது இந்தக் கல்வீட்டில் இல்லை. வேறொருவரின் கடனுக்குப் பொறுப்பேற்றதால் நாதன் 1837இல் இதை விற்றுவிட்டு, தென்மேற்கே ஆஷ் குரோவில் மரக்கட்டை வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த வீடும் இருக்கிறதாம், மூன்றரை மணி நேர ஓட்டம். நாதன், ஆலிவ் கல்லறைகளும், அவர்களிடம் அடிமைகளாக இருந்தவர்களின் கல்லறைகளும் அங்கே உள்ளன. திட்டத்தில் இல்லாத இடம். அம்மா போயே தீரவேண்டும் என்கிறார், கணவரும் சரி என்றுவிட்டார். காலை ஏழு மணிக்குக் கிளம்புகிறோம்.